இடது தனி, வலது தனி, சட்டம் ஒன்று

படைக் கொள்முதல் துறையின் வாசலில் அவள் ஒரு துணிப்பையோடு போய் நின்றபோது, காவலர் கேட்ட முதல் கேள்வி பைக்குள் வெடிகுண்டு இருக்கிறதா என்பதல்ல. பூட்ஸ் இருக்கிறதா என்பது.

இருக்கிறது என்றாள். வீட்டுக்காரருடையது, கிழிந்துபோய்விட்டது, உள்ளே பெரியவர்களிடம் காட்டவேண்டும் என்றாள்.

காவலர் பையிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றுகொண்டார். பையில் வைத்துக் கொண்டுவரும் பூட்ஸ் 'மாதிரிப் பொருள்' ஆகிவிடுமாம். மாதிரிப் பொருள் உள்ளே போகவேண்டுமென்றால், கொண்டுவருகிறவர் பதிவுபெற்ற நிறுவனமாக இருக்கவேண்டும், போட்டிக்கு வேறு இரண்டு நிறுவனங்களையும் கூடவே அழைத்து வரவேண்டும். எட்டாவது சீர்திருத்தத்தில் வந்த விதி அது. வெடிகுண்டைப் பற்றியும் விதி உண்டு. ஆனால் அதைச் சோதிக்கும் கருவியை எந்த நிறுவனத்திடம் வாங்குவது என்று இன்னும் முடிவாகவில்லை.

காவலர் நல்ல மனிதர். தாடையைச் சொறிந்து யோசித்து ஒரு வழி சொன்னார்.

"கால்ல மாட்டிக்கிட்டு வாங்கம்மா. கால்ல இருந்தா அது உங்க செருப்பு. கையில இருந்தாத்தான் டெண்டர்."

அப்படித்தான் அவள் அந்தக் கட்டடத்துக்குள் முதன்முதலாக நுழைந்தாள். தன் செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு, புருஷனின் பூட்ஸுக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு, பளிங்குத் தரையில் டொக் டொக்கென்று. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் பூட்ஸின் முன்பக்கம் வாயைப் பிளந்து பிளந்து மூடியது. பசியோடு வந்த இரண்டு பிராணிகளைக் கயிறு கட்டி இழுத்து வருகிறவள் மாதிரி இருந்தாள்.

அவளுக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை வாசிக்கச் சொல்வாள். இடது கண்ணை மூடு, வலதை மூடு, இப்போது இரண்டும். கடை முதலாளிக்கு 'ஃபிரேம்' என்ற சொல்லைக் கேட்டால் ஆகாது. சட்டம் என்றுதான் சொல்லவேண்டும். கடை வாசலில் 'எல்லாவிதச் சட்டங்களும் இங்கே கிடைக்கும்' என்று பலகை எழுதி மாட்டியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் பக்கத்து வீட்டு வேலித் தகராறுக்குப் பத்திரத்தோடு வந்து உட்கார்ந்ததும் உண்டு. முதலாளி அசரவில்லை. அவருக்கும் ஒரு கண்ணாடி விற்றுத்தான் அனுப்பினார்.

விடுமுறையில் வந்த ஒரு சிப்பாயும் அந்த நாற்காலியில்தான் வந்து உட்கார்ந்தான். அட்டையின் உச்சியில் பலகை அளவுக்கு ஒரு 'ட' இருக்கும். தெருவில் போகிறவன்கூட வாசித்துவிடுவான். இவன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு தெரியவில்லை என்றான். வலதைப் பொத்திக்கொண்டும் தெரியவில்லை என்றான். இரண்டையும் திறந்து, "ம்ஹூம். நாளைக்கும் வந்து பார்க்கட்டுமா?" என்றான். அவள் பயந்தே போனாள், இவன் கையில் துப்பாக்கி வேறு கொடுத்திருக்கிறார்களே என்று. மறுநாள் வந்தான், தெரியவில்லை. அதற்கும் மறுநாள் வந்து, மேலிருந்து கீழ்வரை மடமடவென்று வாசித்து, அட்டையின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்தமாதிரி அச்சாகியிருந்த அச்சகத்தின் முகவரியையும் சொல்லிவிட்டு, "கண்ணு நல்லாத்தான் இருக்கு. புத்திதான் கெட்டுப்போச்சு. உங்க வீட்டுல யார்கிட்ட பேசணும்?" என்று கேட்டான்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவனுக்கு அவள் டாக்டரம்மாதான்.

அவன் வேலை பார்த்தது பனிமலையில், எல்லைக் காவலில். விடுமுறைக்கு வந்தால் குளிரை மூட்டை கட்டிக்கொண்டு வருவான். போர்வைக்குள் தன் இரண்டு பாதங்களையும் கொண்டுவந்து அவள் கெண்டைக்காலில் ஒட்டிவைப்பான். அவள் துள்ளி எழுந்து திட்டுவாள். "அவ்வளவு தூரத்துல இருந்து உனக்குன்னு கொண்டுவந்திருக்கேன், வாங்கிக்க மாட்டேங்கறியே" என்பான். கடைசியாக வந்திருந்தபோது, காலையில் முற்றத்து வெளிச்சத்தில் அவன் கால் கழுவும்போது பார்த்தாள். வலது காலில் இரண்டு விரல் நுனி கறுத்திருந்தது. கேட்டதற்கு, பூட்ஸின் சாயம் ஒட்டிக்கொண்டது என்றான். அவள் சோப்பு போட்டுத் தேய்த்தாள். சாயம் போகவில்லை. அவனும் பார்த்தான், அவளும் பார்த்தாள். இருவரும் சாயத்தைப் பற்றியே பேசினார்கள்.

அவன் வேறொருவனிடம் இரவல் வாங்கிய பூட்ஸோடு மலைக்குத் திரும்பினான். தன்னுடையதைக் குப்பையில் போடச் சொல்லிவிட்டுப் போனான். அதைத்தான் அவள் இப்போது மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். பனி இறங்குவதற்குள் அவனுக்கு நல்ல பூட்ஸ் வேண்டும். அவள் அந்தக் கட்டடத்துக்கு வந்தது அந்த ஒன்றுக்காக.

வரவேற்பறையில் அவளைப் பிடித்துக்கொண்டவர் துறையின் வரலாற்று அதிகாரி. கனிவான அம்மாள். வெகுகாலமாக யாரும் வந்து வரலாறு கேட்கவில்லை போலிருக்கிறது, உட்காரக்கூட விடாமல் அழைத்துப்போனார். சுவர் நெடுகப் பதினோரு கல்வெட்டுகள், பதினோரு சீர்திருத்தங்கள்.

"ஆரம்பத்துல ஒரே ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டு பூட்ஸ் வாங்கினார்மா. அதுவும் தன்னோட மச்சான்கிட்டயே வாங்கிட்டார். இதை விடலாமா? முதலாவது சீர்திருத்தம். இனிமே மூணு அதிகாரி கையெழுத்துப் போடணும்."

"அப்புறம் சரியாயிடுச்சுங்களா?"

"மூணு மச்சான் ஆயிட்டாங்க."

இரண்டாவதில் கையெழுத்துகளைப் பதினெட்டு ஆக்கினார்கள். பதினெட்டாமவர் பேனாவைத் திறக்கும்போது முதலாமவர் ஓய்வுபெற்றிருப்பார், அவர் நாற்காலிக்கு வந்தவர் ஃபைலை முதலிலிருந்து படிப்பார். மூன்றாவது, ஒற்றை ஜன்னல். எல்லோரும் ஒரே ஜன்னலுக்கு வந்தால் போதும் என்றார்கள். ஜன்னலுக்குக் கதவை யார் வாங்குவது என்பது தீரவில்லை. மழையில் ஃபைல்கள் ஊறிப்போயின. நான்காவது, உள்நாட்டில் மட்டும் வாங்குவது. ஐந்தாவது, உள்நாட்டில் மட்டும் வாங்காமலிருப்பது. ஆறாவது, எது மலிவோ அதை வாங்குவது. அந்த பூட்ஸின் அடிப்பாகம் அட்டை. முதல் மழையில் அட்டை கரைந்து, மேல்தோல் மட்டும் கணுக்காலில் கொலுசு மாதிரி தொங்க, ஒரு படைப்பிரிவே வெறுங்காலில் நின்றது. ஏழாவது, எது சிறந்ததோ அதை வாங்குவது. அந்த வருஷத்து நிதி முழுவதும் போட்டு ஒரு ஜோடி வாங்கமுடிந்தது.

அந்த ஜோடி அங்கேயே கூடத்தின் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. உள்ளே சின்னச் சின்ன விளக்குகள். உட்புறம் கம்பளி, அடியில் பனியைப் பற்றும் பற்கள். அவள் பெட்டியின் முன்னால் நின்று, தன் கால்களிலிருந்த பூட்ஸையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவர் அளவு மாதிரியே இருக்குங்க. இதையாவது குடுத்தீங்கன்னா..."

வரலாற்று அதிகாரி, பொம்மைக் கடையில் குழந்தையைச் சமாதானப்படுத்துகிறவர் மாதிரிச் சிரித்தார்.

"அது காட்சிப் பொருள்மா. கால்ல போட்டா வீணாப் போயிடும்."

இத்தனை சீர்திருத்தத்தில் ஏதாவது பலன் இருந்ததா என்று அவள் வாய்தவறிக் கேட்டுவிட்டாள். அந்த அம்மாளின் முகம் வாடிப்போயிற்று.

"பலன் இல்லாமலா பதினோரு தடவை செஞ்சிருக்கோம்?"

துறையின் இயக்குநர் அவளைப் பார்த்த மாத்திரத்தில் எழுந்து நின்றார். பார்த்தது அவள் முகத்தை அல்ல, பூட்ஸை. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து, குனிந்து, அந்தப் பிளவைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. பொய்க் கண்ணீர் இல்லை. அவர் உண்மையாகவே இளகிய மனசுக்காரர்.

"என்ன ஒரு வேதனை!" என்றார். "இதை அறிக்கையோட அட்டையில போடணும்."

ஒருவர் கேமராவோடு ஓடிவந்து அவள் முழங்காலுக்குக் கீழே படமெடுத்துக்கொண்டு போனார்.

அவள் வந்த வேளை, துறையில் பன்னிரண்டாவது சீர்திருத்தத்துக்கான கமிட்டி கூடியிருந்தது. சீர்திருத்தம் என்று ஒன்று வந்துவிட்டால், பாதியில் நிற்கும் ஃபைல்கள் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும் என்பது விதி. அதனால் அந்த வருஷத்து பூட்ஸ் ஃபைலும் புதுச் சீர்திருத்தத்துக்காகக் காத்திருந்தது. கமிட்டிக்கு 'பயனாளியின் குரல்' என்று ஓர் உறுப்பினர் தேவைப்பட்டார். முதலில் ஒரு சிப்பாயைத்தான் நியமித்திருந்தார்களாம். பூட்ஸ் இல்லாததால் அவரால் மலையிலிருந்து இறங்கி வர முடியவில்லை. அவர் இடத்தில் அவளை உட்காரவைத்தார்கள்.

நீள மேசை. மேசையைச் சுற்றிப் பெரிய மனிதர்கள். மேசைக்கடியில் அவளுடைய இரண்டு பிராணிகள். பேச்சு ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது: மொத்த ஆர்டரையும் ஒரே கம்பெனிக்குக் கொடுத்தால் சலுகை காட்டியதாகிவிடும், இரண்டு கம்பெனிக்குப் பிரித்துக் கொடுத்தால் படையில் பாதிப்பேர் ஒரு மாதிரி, மீதிப்பேர் ஒரு மாதிரி இருப்பார்கள், அணிவகுப்பு அழகு கெடும். எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். இயக்குநர் அவள் பக்கம் திரும்பி, பயனாளியின் குரல் என்ன சொல்கிறது என்று கேட்டார்.

அவள் தன் கடையை நினைத்துக்கொண்டாள். தெரிந்ததைத்தானே சொல்லமுடியும்?

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. எங்க கடையில இடது கண்ணுக்கு ஒரு பவர், வலது கண்ணுக்கு ஒரு பவர். இடது தனி, வலது தனின்னு ரெண்டு பேர் அரைப்பாங்க. ஆனா ரெண்டும் ஒரே சட்டத்துல..."

மாட்டின பிறகுதான் கொடுத்தனுப்புவோம், ஒன்றை மட்டும் கொடுக்கமாட்டோம் என்று சொல்ல வந்தாள். இயக்குநர் மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இடது தனி. வலது தனி. ஒரே சட்டத்தின் கீழ்!"

மேசை நெடுகப் பேனாக்கள் திறந்தன. பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் எழுதத் தொடங்கினார்கள். இடதுகால் பூட்ஸ் முழுவதும் ஒரு கம்பெனிக்கு, வலதுகால் முழுவதும் இன்னொன்றுக்கு. சலுகையும் இல்லை, அணிவகுப்பிலும் எல்லோரும் ஒரே மாதிரி.

"ஐயா, நான் சொன்னது அந்தச் சட்டம் இல்லீங்க," என்று அவள் எழுந்தாள். "கண்ணாடிச் சட்டம்."

"கேட்டீங்களா?" என்று இயக்குநர் மற்றவர்களைப் பார்த்துத் தழுதழுத்தார். "கண்ணாடிச் சட்டம்! ஒளிவுமறைவே இல்லாத சட்டம்! பதினோரு சீர்திருத்தத்துல நமக்கு ஒரு பேர் வைக்கத் தெரிஞ்சுதா? எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள்.

தீர்மானத்தை அவள் முன்னால் தள்ளினார்கள். அவள் பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். இது சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. எப்படிச் சரியில்லை என்று அந்த மேசைக்குப் புரிகிற பாஷையில் சொல்லத் தெரியவில்லை. இயக்குநர் பக்கத்தில் வந்து, மகளிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினார்.

"கையெழுத்துப் போட்டீங்கன்னா நாளைக்கே ஆர்டர் போகும்மா. போடலேன்னா அடுத்த கூட்டம் பனிக்கு அப்புறம்தான்."

அவள் கறுத்த இரண்டு விரல்களை நினைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்டாள்.

இடதுகால் பூட்ஸ் உண்மையாகவே பனிக்கு முன்னால் மலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. துறையின் வரலாற்றில் இப்படி ஒரு விபத்து நடந்ததே இல்லை.

வாரம் ஒருமுறை முகாமின் தொலைபேசியில் அவன் பேசுவான். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் சீக்கிரம் சீக்கிரம் என்று கத்துவது கேட்கும். அந்த வாரம் அவன் சிரித்த சிரிப்பில் வரிசையும் சேர்ந்து சிரித்தது.

"டாக்டரம்மா, இடது கால் ராஜா, வலது கால் கூஜா. இடது கால் உள்ள கம்பளி மெத்தையில தூங்குது. வலது கால் அந்த இரவல் பூட்ஸுக்குள்ள கோணிச் சாக்கைச் சுத்திக்கிட்டு வெளிய காவல் காக்குது. ஒருத்தன் ரெண்டு கால்லயும் இடதையே மாட்டிக்கிட்டு ரோந்து போனான். நேரா நடக்கறேன்னு முகாமையே சுத்திச் சுத்தி வந்தான்."

"வலது எப்போ வருமாம்?"

"வரும் வரும். கேளு, இந்த யோசனையைச் சொன்ன புண்ணியவான் யாருன்னு தெரியுமா? நீதான் கூட்டத்துக்கெல்லாம் போறியே. ஆளைக் காட்டு, ஒரு மாலை வாங்கிப் போடணும்னு இங்க எல்லாரும் துடிக்கறாங்க."

வரிசையில் நின்றவர்களின் சத்தத்தில் அவள் பேசாமலிருந்தது அவனுக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்டதோ என்னவோ. விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சாயம் வெளுத்துவிட்டது என்றான்.

போனை வைத்ததும் அத்தை விவரம் கேட்டாள். அவனுடைய அம்மா, இவளோடு ஒரே வீட்டில் இருப்பவள். வாயைத் திறந்தால் ஊரைச் சிரிக்கவைப்பாள். அன்றைக்குச் சிரிக்கவைக்கவில்லை.

"இடதும் வலதும் தனித்தனியா வாங்கலாம்னு எந்த வாய் சொல்லிச்சோ, அந்த வாயில மண்ணு விழ," என்றாள். அதே மூச்சில் மருமகளின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டாள். "நீ சாப்பிடு கண்ணு. கூட்டம் கூட்டம்னு அலைஞ்சு பாதியாயிட்டே."

அவள் அந்தச் சோற்றைத் தின்றாள். மண்ணாகத்தான் இருந்தது.

வலதுகால் பூட்ஸ் வரவில்லை. ஆர்டர் கிடைக்காத ஒரு கம்பெனி வழக்குப் போட்டிருந்தது. 'வலது' என்றால் என்ன என்று துறை எங்கேயும் சொல்லவில்லை என்பது அவர்கள் கட்சி. அணிகிறவருக்கு வலதா, எதிரே நின்று அளக்கிறவருக்கு வலதா? நியாயமான கேள்வி என்று துறைக்கே தோன்றிவிட்டது. அதற்கு ஒரு துணைக் கமிட்டி உட்கார்ந்தது. கமிட்டி ஒரு ஜோடி பூட்ஸை மேசைமேல், மூக்கு தங்கள் பக்கம் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, வெகுநேரம் ஆராய்ந்து, இதோ வலது என்று கைகாட்டி முடிவுசெய்தது. அந்த முடிவின்படி அச்சுப் பிசகாமல் தைத்து அனுப்பினார்கள். பனி கொட்டிக்கொண்டிருந்த மலைக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கின, அத்தனையும் இடதுகால் பூட்ஸ்.

செய்தி தெரிந்த அன்றைக்கு அவள் கடைக்குப் போகவில்லை. துறைக்கு ஓடினாள். உறுப்பினர் என்பதால் காவலர் சல்யூட் அடித்து உள்ளே விட்டார். இயக்குநர் அறையில் போய் நின்று, மூச்சு வாங்க, எல்லாம் இடதாகவே வந்திருக்கிறது என்றாள். அவர் பதறிப்போய்க் கணக்கு அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் தாளைப் புரட்டிப் பார்த்து, இடது எத்தனையோ வலதும் அத்தனையே, ஒன்று கூடவுமில்லை குறையவுமில்லை என்றார். இயக்குநர் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"ஒரு நிமிஷம் பயமுறுத்திட்டீங்கம்மா."

அவள் தன் இரண்டு காலையும் காட்டினாள். இது இடது, இது வலது, இரண்டும் வேறு வேறு வடிவம், ஒன்றில் இருப்பதை மற்றதில் மாட்டமுடியாது, பச்சைக் குழந்தைக்குத் தெரியும் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார். நடுவில் குறுக்கிடவே இல்லை. அவள் சொல்லிமுடித்ததும், இத்தனை உணர்ச்சியோடு யாரும் இந்த அறையில் பேசியதில்லை என்றும், இதை எழுத்தில் கொடுத்தால் அடுத்த கூட்டத்தில் வைக்கலாம் என்றும் சொன்னார். எழுதிக் கொடுத்தாள். கூட்டம் பனிக்கு அப்புறம்.

கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், அந்த ஒரு ஜோடி விளக்கு வெளிச்சத்தில் கதகதப்பாக இருந்தது. அவள் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். உடைக்கலாமா என்று நினைத்தாள். உடைத்தால் எப்படி மலைக்கு அனுப்புவது என்றும் நினைத்தாள். யோசித்துக்கொண்டிருக்கும்போதே வரலாற்று அதிகாரி வந்து, கண்ணாடியில் கைரேகை படியும் என்று அன்பாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் போன் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தது. பின்னால் வரிசைச் சத்தம் இல்லை. யாரோ தள்ளுவண்டி ஒன்றை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"டாக்டரம்மா," என்றான். குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. "உனக்கு ஒரு நல்ல சேதி. இனிமே உன் கால்மேல ஒரு ஐஸ்கட்டிதான் படும்."

அவளுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும், எது என்று கேட்கவில்லை. எது என்று உலகத்திலேயே அவளுக்குத்தான் தெரியும்.

"நான் வரேன்," என்றாள்.

"நீ வராதே, நானே வரேன். ஒத்தைக் கால்ல நிக்கறேன் உன்னைப் பார்க்கணும்னு. சொல்லிப் பார்த்துக்க, எவ்வளவு பொருத்தமா இருக்கு."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் அவன் சிரிக்க முயல்வதும், அது பாதியில் வேறு ஏதோவாக மாறுவதும் கேட்டது.

துறையில் அவளுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். அவள் போகமாட்டேன் என்றுதான் இருந்தாள். மலையில் மீதமிருக்கும் வலது கால்களுக்காகப் போனாள். அங்கே பேசவிட்டால் சொல்லலாம் என்று, நான்கு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனாள்.

பேச்சுகள் முடியவே நேரமாகிவிட்டது. இயக்குநர் மேடையில் நின்று, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தச் செய்தி வந்த அன்னிக்கு நான் சாப்பிடலை," என்றார். "ஆனா ஒரு விஷயத்தை இங்க பதிவு பண்ணணும். இந்த வீரரைப் பொறுத்தவரைக்கும் இன்னிக்குத் தேவையும் வழங்கலும் நூத்துக்கு நூறு பொருந்திப்போச்சு. தேவை ஒரு இடது. வழங்கினது இடது. பன்னிரண்டு சீர்திருத்தத்துல இப்படிப் பொருந்தினது இதுதான் முதல் தடவை. ஆரம்பத்துல இருந்து நாம எங்க தப்பு பண்ணோம்னு இப்பத்தான் புரியுது. காலை எண்ணாமலே பூட்ஸ் வாங்கிட்டிருந்தோம்."

அதனால் பதின்மூன்றாவது சீர்திருத்தத்தை அப்போதே அறிவித்தார். இனி வருஷாவருஷம் முதலில் படையில் உள்ள கால்கள் கணக்கெடுக்கப்படும், பிறகே கொள்முதல். கைதட்டல் அடங்கியதும், நிலுவையில் உள்ள ஃபைல்கள் வழக்கப்படி முதலிலிருந்து ஆரம்பமாகும் என்று ஒருவர் எழுந்து வாசித்தார். அப்படிப் போனவற்றில் அவள் எழுதிக்கொடுத்ததும் ஒன்று.

அவளை மேடைக்கு அழைத்து, தங்க நிறச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரத்தைக் கையில் கொடுத்தார்கள். படமெடுத்தார்கள், இந்தத் தடவை முகத்தை. அவள் வாயைத் திறப்பதற்குள் தேசிய கீதத்துக்காக எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான்கு வாக்கியத்தையும் பத்திரத்தோடு சேர்த்துக் கீழே கொண்டுவந்தாள்.

இறங்கி வரும்போது வரலாற்று அதிகாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கண் சிவந்திருந்தது.

"கேக்கவே கஷ்டமா இருக்கும்மா. வரலாற்றுக்காகத்தான். அவருக்குப் போனது எந்தக் கால்?"

"வலது."

அந்த அம்மாள் எழுதப் போய், பேனாவை நிறுத்தினார்.

"அணிகிறவருக்கா, பார்க்கிறவருக்கா?"

அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். மாலை போடத் துடித்தவர்கள் அவனிடம் வேறொன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். முகாமில் மிஞ்சிய இடதுகால் பூட்ஸில் ஒரு மூட்டை. ஆயுசுக்கும் காணும் என்று சிரித்தான். அத்தை அந்த மூட்டையைப் பரண்மேல் ஏற்றிவைத்துவிட்டு, அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது, "ஏன்டா, சீக்கிரம் வந்து சேருன்னு சொன்னா, பாதிச் சாமானை அங்கேயே விட்டுட்டா வருவே?" என்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அத்தையும் சிரித்தாள். மருமகளால் மட்டும் முடியவில்லை.

போர்வைக்குள் அந்த ஒரு பாதம் அவள் கெண்டைக்காலைத் தேடிக்கொண்டு வந்தது. அவள் துள்ளவில்லை, திட்டவில்லை. அதை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டாள். "என்ன, சத்தத்தையே காணோம்? பாதிக் குளிருக்குத் திட்டு கிடையாதா?" என்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் அவளைத் தேற்றத் தேற்ற, அவளுக்குத் தன்னைத் தாங்கமுடியாமல் போயிற்று.

அத்தை மருந்து வாங்கப் போயிருந்த ஒரு மத்தியான வேளையில், அவள் அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த பத்திரத்தை வெளியே எடுத்தாள். எதிர்ச் சுவரில் நாட்காட்டியைக் கழற்றி, அந்த ஆணியில் மாட்டினாள். அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பினாள். பிறகு கடையில் நிற்பதுபோலவே பக்கவாட்டில் போய் நின்றுகொண்டாள்.

"வாசிங்க," என்றாள்.

மேலே தங்க எழுத்தில் 'கண்ணாடிச் சட்டத்தின் தாய்' என்றிருந்தது. ஒவ்வொரு எழுத்தும் கடையிலிருக்கும் அந்த 'ட' அளவுக்கு இருந்தது. அதன் கீழே அவள் பெயர். அதற்கும் கீழே, இடது தனி, வலது தனி என்னும் அரிய யோசனையைத் துறைக்கு வழங்கியமைக்காக என்று, வளைத்து வளைத்து எழுதியிருந்தது. அடியில் அவளுடைய கையெழுத்தைத் தீர்மானத்திலிருந்து பெயர்த்து அச்சடித்திருந்தார்கள்.

அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கண்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரிக்கு இறங்கி, மறுபடி மேலே போய், மறுபடி இறங்குவதை அவள் கண்டாள். ஆயிரம் பேரின் கண்களை அப்படி நின்று பார்த்தவளுக்கு, வாசிக்கிற கண் எது என்று தெரியாதா? அதற்கு மேல் பார்க்கமுடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை சொன்ன மண்ணுக்காக அவள் வாய் காத்திருந்தது.

நாற்காலி கிறீச்சிட்டது. நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்தியிருந்தான்.

"தெரியல," என்றான்.

கையை மாற்றி வலது கண்ணைப் பொத்திக்கொண்டான்.

"இதுலயும் தெரியல."

"விளையாடாதீங்க," என்றாள். "ரெண்டு கண்ணையும் திறந்து வாசிங்க."

அவன் கையை எடுத்தான். இரண்டு கண்ணும் வழிந்துகொண்டிருந்தன. துடைக்காமல், சுவரைப் பார்க்காமல், அவளையே பார்த்தான்.

"மேல இருக்கிற பெரிய எழுத்துகூடத் தெரியல, டாக்டரம்மா. நாளைக்கும் வந்து பார்க்கட்டுமா?"